பஃபர் பேச்சுக் கேட்காதபோது: ஐசியைக் கழற்றும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு முன்னறைதான் ஒர்க் ஷாப். சிப்காட் பக்கமிருந்து கன்ட்ரோல் போர்டு வரும். பரங்கிப்பேட்டை பக்கத்து இறால் பண்ணைகளிலிருந்து பிஎச் மீட்டர் வரும். பாலிடெக்னிக் பசங்கள் ப்ராஜெக்ட் போர்டை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டு வருவார்கள். யார் வந்தாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "ஐசி போயிடுச்சுண்ணா." ஏற்கெனவே இரண்டு தரம் மாற்றியும் பலனில்லை என்பதை, போர்டில் உரிந்து தொங்கும் செம்புத் தடமே சொல்லிவிடும்.

இப்படி அநியாயமாகப் பழி சுமக்கும் சர்க்யூட்டுகளில் முதலிடம் யூனிட்டி கெயின் பஃபருக்கு. ஓப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐசியின் அவுட்புட்டை நேராக அதன் மைனஸ் இன்புட் காலுக்குத் திருப்பிவிட்டு, சிக்னலை பிளஸ் இன்புட் காலில் கொடுக்கும் சர்க்யூட். கெயின், அதாவது பெருக்கம், ஒன்று: உள்ளே வந்த வோல்டேஜ் அப்படியே வெளியே வரும். ஒரே ஒரு ஒயர்தான், இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்த ஒயர்தான் முழுக் கதையும்.

ஓப்-ஆம்ப் உள்ளே இருப்பது ஒரு டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபையர். இரண்டு கால்களுக்கும் உள்ள வித்தியாசத்தை லட்சம் மடங்கு பெருக்குவது அதன் வேலை. அவுட்புட்டை மைனஸ் காலில் கட்டிவிட்டால், பிளஸ் கால் சற்று உயர்ந்தவுடன் அவுட்புட்டும் உயரும், மைனஸ் காலும் கூடவே ஏறும், வித்தியாசம் சுருங்கும். அவுட்புட்டில் 10 வோல்ட் நிற்க இரண்டு கால்களுக்கும் இடையே 0.1 மில்லிவோல்ட் போதும். இதுதான் எதிர்ப் பின்னூட்டம். சர்க்யூட் ஒழுங்காக ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பிளஸ் காலிலும் மற்றதை மைனஸ் காலிலும் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். ஆஃப்செட் என்று ஐசியோடு பிறந்த சில மில்லிவோல்ட் தப்பு இருக்கும். 741 என்ற ஓப்-ஆம்ப்புக்கு அதிகபட்சம் 6, எல்எம்358 என்பதற்கு 7.

ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் என் வரிசை இதுதான். முதலில் சப்ளை, அதுவும் பவர் சப்ளை டெர்மினலில் அல்ல, ஐசியின் காலிலேயே. அடுத்தது பிளஸ் காலுக்கும் மைனஸ் காலுக்கும் நடுவே உள்ள வோல்டேஜ். அது பூஜ்யமாக இருந்தால் ஐசி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, தப்பு வெளியே. பிளஸ் கால் உயர்ந்து நிற்க, அவுட்புட்டும் மேலே போய் முட்டிக்கொண்டிருந்தால் ஐசி முயற்சி செய்கிறது, எதிலோ எல்லை இடிக்கிறது. பிளஸ் கால் உயரே இருக்க அவுட்புட் கீழே கிடந்தால் லோடை, அதாவது அவுட்புட்டில் மாட்டியிருப்பதை, கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். அப்போதும் கீழேயே கிடந்தால்தான் ஐசி மேல் சந்தேகப்பட உரிமை உண்டு.

கால்களுக்கு நடுவே அளப்பதில் இன்னொரு வசதி. சாதாரண டிஜிட்டல் மீட்டருக்கு 10 மெகா ஓம் உள்மின்தடை. பிஎச் எலெக்ட்ரோடு மாதிரி 100 மெகா ஓம் சோர்ஸ் (சிக்னல் தருகிற பொருள்) இருக்கிற இடத்தில் பிளஸ் காலையும் கிரவுண்டையும் அளந்தால் மீட்டரே சிக்னலைத் தின்றுவிடும். இரண்டு கால்களுக்கு நடுவே வைத்தால் அங்கே வோல்டேஜே இல்லை, மீட்டர் வழியாக ஓடவும் கரண்ட் இல்லை. சிக்னல் அப்படியே நிற்கும்.

இனி ஆட்கள் சொல்லும் புகார் வாரியாகப் போகலாம்.

"ஆன் பண்ணதும் மேலே போய் ஒட்டிக்குது, சில தடவை கீழே"

இரண்டு பக்கமும் ஒட்டுகிறதென்றால் முதலில் பிளஸ், மைனஸ் கால்கள் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அவுட்புட் பிளஸ் காலில் கட்டப்பட்டிருந்தால் பின்னூட்டம் நேர்மாறாகிவிடும். எந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்ததோ அந்தப் பக்கமே ஓடிப்போய் உட்காரும். விரலால் தொட்டால் மறுபக்கம் குதிக்கும். ஆன் செய்யும்போதெல்லாம் வேறு வேறு பக்கம் போனால் ஏறக்குறைய இதுவேதான்.

அடுத்து கால் எண்கள். 741, டிஎல்081 மாதிரி ஒற்றை ஓப்-ஆம்ப்பில் அவுட்புட் 6, பாசிட்டிவ் சப்ளை 7. எல்எம்358, டிஎல்072 மாதிரி இரட்டையில் அவுட்புட் 1, சப்ளை 8. இரண்டும் எட்டுக் கால்தான், சாக்கெட்டில் அழகாக உட்காரும். 741 சாக்கெட்டில் 358-ஐ மாட்டினால் சப்ளை அதன் இரண்டாவது ஓப்-ஆம்ப்பின் அவுட்புட்டுக்குப் போகும், எட்டாவது கால் பட்டினி கிடக்கும். எல்எம்324-இல் இன்னொரு குழி: பாசிட்டிவ் சப்ளை 4, கிரவுண்டு 11. எட்டுக் கால் ஐசியில் 4 என்றால் கிரவுண்டு என்று பழகிய கை அங்கே தலைகீழாகக் கொடுத்துவிடும். அப்புறம் அந்த ஐசியைத் தொடாதீர்கள், விரல் சுடும்.

±15 சப்ளையில் ஒரு பக்கம் வரவில்லை என்றாலும் இதே புகார்தான். அதை முதல் அளவிலேயே பிடித்துவிடலாம்.

"65 சதவீதத்துக்கு மேலே ஏற மாட்டேங்குது"

ஒரு தண்ணீர்த் தொட்டி. லெவல் சென்சார் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கொடுக்கிறது. அதை 250 ஓம் வழியாக விட்டால் 1 முதல் 5 வோல்ட். நடுவே எல்எம்358 பஃபர், சப்ளை 5 வோல்ட். அதற்குப் பிறகு மைக்ரோகன்ட்ரோலர். தொட்டி நிரம்பி வழிந்து படிக்கட்டில் அருவி மாதிரி இறங்குகிறது, டிஸ்பிளே மட்டும் 65 என்று அமைதியாகச் சொல்கிறது. சென்சார் மாற்றினார்கள், கேபிள் மாற்றினார்கள், ஐசியும் மாற்றினார்கள். மூன்றிலும் தப்பே இல்லை.

கால்களுக்கு நடுவே அளந்தபோது பிளஸ் கால் நன்றாக உயரே இருந்தது, அவுட்புட் 3.6-இல் முட்டி நின்றது. மேலே போக ஆசை, வழியில்லை. எல்எம்358-இன் அவுட்புட் பாசிட்டிவ் சப்ளைக்குச் சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். இன்புட்டுக்கும் டேட்டாஷீட் அதே எல்லையைத்தான் சொல்கிறது. 3.6 வோல்ட்டை 250-ஆல் வகுத்தால் 14.4 மில்லி ஆம்பியர், அதுதான் 65 சதவீதம். இப்படி ஒரு எண்ணில் எப்போதும் நிற்கிறது என்றால் அந்த எண்ணைத் திருப்பி வோல்டேஜாக்கிப் பாருங்கள். பாதி நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

தீர்வு மூன்று விதம். ஐசிக்கு மட்டும் 12 வோல்ட் கொடுக்கலாம். அப்போது அடுத்திருக்கும் 5 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர் காலைக் காப்பாற்ற ஒரு ரெசிஸ்டரும், வோல்டேஜ் எல்லை தாண்டாமல் பிடிக்கும் கிளாம்ப் டயோடும் தேவை. எம்சிபி6002 மாதிரி இன்புட், அவுட்புட் இரண்டுமே சப்ளை வரை போகிற ஐசியைப் போடலாம். அது 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 12-இல் மாட்டிவிடாதீர்கள். நான் செய்தது மூன்றாவது: 250 ஓமைக் கழற்றிவிட்டு 150 ஓம் போட்டேன். உச்சம் 3 வோல்ட் ஆனது, பழைய ஐசியே போதுமானதாகிவிட்டது, ப்ரோகிராமில் ஒரு வரி மட்டும் மாறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிக்னலை மைனஸ் பக்கம் கொடுத்துத் தலைகீழாக எடுக்கும் இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபையரில் இரண்டு கால்களும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். பஃபரில் இரண்டும் சிக்னலோடு சேர்ந்து மேலும் கீழும் பயணம் போகின்றன. அதனால் "அவுட்புட் ரெயில்-டு-ரெயில்" (சப்ளையின் இரு எல்லை வரை போகும்) என்று மட்டும் எழுதிய ஐசியை நம்பிப் பஃபரில் போட்டால் இன்புட் எல்லையில் மாட்டிக்கொள்வீர்கள். ஐசி வாங்கும்போது இன்புட், அவுட்புட் இரண்டுக்கும் அப்படி எழுதியிருக்கிறதா பாருங்கள்.

"பூஜ்யத்துக்கு வரவே இல்லை, 0.6-லயே நிக்குது"

ஒற்றைச் சப்ளையில் எல்எம்358. கீழ்ப்பக்கம் இழுக்கும் சக்தி பூஜ்யத்துக்கு அருகில் சுமார் 50 மைக்ரோ ஆம்பியர்தான். அவுட்புட்டுக்குள் அதற்கு மேல் கரண்ட் தள்ளுகிற லோடு எதுவாக இருந்தாலும் அவுட்புட் ஒரு டயோடு உயரத்தில் நின்றுவிடும். அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போடுங்கள், அந்தக் கரண்டை அது வாங்கிக்கொள்ளும். இரட்டைச் சப்ளையில் இதே ஐசி பூஜ்யத்தைக் கடக்கும்போது அலையில் ஒரு சின்னப் படிக்கட்டு தெரியும். அங்கே ரெசிஸ்டரை நெகட்டிவ் சப்ளைக்குப் போட்டால் படிக்கட்டு மறையும்.

"காலையில சரியா இருந்துச்சு, சாயங்காலம் தப்பா காட்டுது"

எனக்கு மிகவும் பிடித்த புகார் இது. ஐசி மாற்றினால் "சரியாகிவிடும்", மறுநாள் சாயங்காலம் திரும்பி வரும்.

பிளஸ் காலுக்குள் எப்போதும் ஒரு சிறு கரண்ட் போகும் அல்லது வெளியே வரும். பயாஸ் கரண்ட். அது போய்வர டிசி பாதை வேண்டும். இன்புட்டில் கபாசிட்டரை மட்டும் வைத்துவிட்டுக் கிரவுண்டுக்கு ரெசிஸ்டர் வைக்க மறந்தால் அந்தக் கரண்ட் கபாசிட்டரில் சேர்ந்துகொண்டே போகும், அவுட்புட் மெல்ல நகர்ந்து சப்ளையில் முட்டும். 0.1 மைக்ரோ ஃபாரடும் 741-உம் என்றால் 80 நானோ ஆம்பியர் கணக்கில் நொடிக்கு 0.8 வோல்ட், கால் நிமிடத்தில் கதை முடியும். டேபிளிலேயே தெரிந்துவிடும். அதே இடத்தில் டிஎல்072 இருந்தால் 65 பிகோ ஆம்பியர்தான். நொடிக்கு 0.65 மில்லிவோல்ட். 13 வோல்ட்டைத் தொட ஐந்தரை மணி நேரம் ஆகும். காலையில் ஆன் செய்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் வரும்.

எந்தப் பக்கம் நகர்கிறது என்பதிலும் ஒரு துப்பு உண்டு. 741-இன் இன்புட் என்பிஎன் டிரான்சிஸ்டர், கரண்ட் உள்ளே போகும், அவுட்புட் கீழே நகரும். எல்எம்358-இன் இன்புட் பிஎன்பி, கரண்ட் வெளியே வரும், மேலே நகரும். நகர்கிற நேரம் முழுக்க இரண்டு கால்களுக்கு நடுவே பூஜ்யம்தான் இருக்கும். ஐசி விசுவாசமாகத் தப்பான சிக்னலைப் பின்தொடர்கிறது. பிளஸ் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான் மருந்து. 741-க்கு 100 கிலோ ஓம் போட்டால் 8 மில்லிவோல்ட் தப்பு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இறால் பண்ணை பிஎச் மீட்டர் இதன் பெரிய அண்ணன். கண்ணாடி எலெக்ட்ரோடின் உள்மின்தடை நூறு மெகா ஓம் அளவில் இருக்கும். பிஎச் ஒரு எண் மாறினால் 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட் மாறும். இந்தச் சிக்னலை வாங்க யாராவது எல்எம்358 போட்டிருந்தால் 45 நானோ ஆம்பியரை 100 மெகா ஓமால் பெருக்குங்கள்: 4.5 வோல்ட். சிக்னலே சில பத்து மில்லிவோல்ட்! டிஎல்081 போட்டால் 6 மில்லிவோல்ட் அளவு, அதாவது பிஎச் 0.1 தப்பு, அதுவும் வெயில் ஏறினால் பத்து டிகிரிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். சிஏ3140 அல்லது எல்எம்சி6482 மாதிரி மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் இன்புட் ஐசிதான் இங்கே சரி.

ஐசி சரியானதாக இருந்தும் எங்கள் ஊரில் இன்னொரு எதிரி உண்டு: உப்புக் காற்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறிய பிறகு பல மாதங்களுக்கு என் மேஜைக்கு வந்த போர்டுகளில் பாதிக்கு மேல் உப்புப் பூத்தவைதான். புயல் வேண்டாம், சாதாரண கடற்கரைக் காற்றே போதும். சாயங்காலம் ஈரம் ஏறும்போது போர்டு மேல் படிந்த உப்பு நனைந்து கரண்ட் கடத்த ஆரம்பிக்கும். பிளஸ் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 மெகா ஓம் கசிவு விழுந்தால் எலெக்ட்ரோடின் வோல்டேஜ் பாதியாகிவிடும். எலெக்ட்ரோடு பிஎச் 7-இல் பூஜ்யம் தரும். ஆகவே கசிவு எல்லா எண்ணையும் 7 பக்கம் இழுக்கும், 8.2 இருக்கிற குளம் 7.6 என்று காட்டும். சாயங்காலம் பாசி வெயில் தின்று பிஎச் ஏறியிருக்க வேண்டிய நேரத்தில் மீட்டர் இறங்குகிறது. பண்ணைக்காரர் பிஎச்சை ஏற்றச் சுண்ணாம்பு மூட்டையை அவிழ்க்கப் போவார். ஒரு பஃபர் ஐசிக்குப் பக்கத்து அழுக்கு குளத்தில் சுண்ணாம்பைக் கொட்ட வைக்கும்.

பிடிக்கும் வழி: பிஎச் 7 கரைசலில் வைத்துப் பாருங்கள், சரியாகவே காட்டும். அங்கேதான் ஏமாறுவோம். 4-லும் 9.2-லும் வையுங்கள். இரண்டுமே 7 பக்கம் சாய்ந்தால் கசிவு. எல்லாமே ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தால் பயாஸ் கரண்ட் அல்லது நெகட்டிவ் சப்ளையிலிருந்து வரும் கசிவு. டிஎல்081 மாதிரி ஐசியில் பிளஸ் கால் 3-க்கு அடுத்த வீடே நெகட்டிவ் சப்ளை கால் 4. நடுவே ஒரு லட்சம் மெகா ஓம் கசிவு இருந்தால்கூட 150 பிகோ ஆம்பியர் ஓடும், பிஎச்சில் 0.25 போய்விடும். அந்த 7, 4, 9.2 கரைசல்களுக்கும் பஃபர் என்றுதான் பெயர். "பஃபர் மாத்துங்கண்ணா" என்று போனில் சொன்னால் எந்த பஃபர் என்று கேட்டுக்கொள்வேன்.

கழுவும்போது பலர் செய்யும் தப்பு: நேராக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். ஃபிளக்ஸ் (சால்டர் செய்யும்போது படியும் பிசின்) கரையும், உப்பு கரையாது. முதலில் டிஸ்டில்டு வாட்டரால் பிரஷ் போட்டுக் கழுவுங்கள், பிறகு ஆல்கஹால், பிறகு நன்றாகக் காய வையுங்கள். அதற்குப் பிறகும் நம்பிக்கை இல்லையென்றால் 3-ஆம் காலைப் போர்டில் செருகாமல் மேலே வளைத்து, எலெக்ட்ரோடு ஒயரை அந்தரத்திலேயே சால்டர் செய்யுங்கள். பார்க்க அசிங்கம், வேலை சுத்தம். புதிதாகப் போர்டு வரைகிறவர்கள் பிளஸ் காலைச் சுற்றி ஒரு செம்பு வளையம் போட்டு அதைப் பஃபரின் அவுட்புட்டோடு இணைக்கலாம். அவுட்புட்டும் இன்புட்டும் ஒரே வோல்டேஜ். வோல்டேஜ் வித்தியாசம் இல்லாத இடத்தில் கசிவு எப்படி ஓடும்? பஃபர் தன்னையே காவல் காத்துக்கொள்ளும்.

"எண்ணு ஆடுது, ஐசி வெதுவெதுன்னு இருக்கு, ப்ரோப் வெச்சா மாறுது"

ஆசிலேஷன். சிக்னல் இல்லாமலே அவுட்புட் தானாக வேகமாக ஏறி இறங்குகிறது, பெருக்கியே ஊளையிடுகிறது. மல்டிமீட்டர் இதைப் பார்க்காது; சராசரியை மட்டும் எடுத்து ஏதோ ஒரு தப்பான டிசி வோல்டேஜைச் சொல்லும்.

1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது ஹெரால்டு பிளாக் என்ற பொறியாளர் கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்தில் எதிர்ப் பின்னூட்டத்தை வரைந்தார். 1928-இல் கேட்ட காப்புரிமை கையில் கிடைத்தது 1937-இல். அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்பினால் ஊளையிடத்தானே செய்யும் என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பவில்லை. அவர்கள் சந்தேகம் முழுப் பொய்யும் இல்லை. பின்னூட்டம் திரும்பி வரும் வழியில் தாமதம் கூடினால் எதிர் என்பது நேர் ஆகிவிடும். யூனிட்டி கெயினில் அவுட்புட் முழுவதும் திரும்பி வருகிறது, அதனால் இந்த ஆபத்து மற்ற எல்லா கெயினையும்விட இதில்தான் அதிகம். கெயின் ஒன்றுதானே, ரொம்பச் சாது என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: பழைய மீடியம் வேவ் ரேடியோவை போர்டுக்குப் பக்கத்தில் வைத்து 531-இலிருந்து 1602 கிலோ ஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்புங்கள். சப்ளையை ஆன், ஆஃப் செய்யும்போது ஒரு இடத்தில் இரைச்சல் வந்து வந்து போனால் ஆளைப் பிடித்துவிட்டோம்.

முதல் காரணம் கேபிள். பஃபரின் அவுட்புட்டை ஆர்ஜி-58 கோஆக்சியல் கேபிளில் 30 மீட்டர் இழுத்திருப்பார்கள். மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபாரடு, மொத்தம் 3000. ஐசிக்குள்ளிருக்கும் நூற்றுச் சொச்சம் ஓம் அவுட்புட் மின்தடையும் இதுவும் சேர்ந்து 400 கிலோ ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்திலேயே தாமதம் போட ஆரம்பிக்கும். டிஎல்072 3 மெகா ஹெர்ட்ஸ் வரை பின்னூட்டம் நடத்துகிற ஆள். அதற்குள் நிதானம் போய்விடும். கேபிளைக் கழற்றினால் அமைதியானால் சந்தேகமே வேண்டாம். அவுட்புட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே 47 முதல் 100 ஓம் வையுங்கள். பின்னூட்ட ஒயர் ஐசி காலிலிருந்தே போகட்டும், ரெசிஸ்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அல்ல. அந்த 100 ஓமில் விழும் வோல்டேஜ்கூட ஆகாது என்கிற துல்லியமான வேலையானால் மைனஸ் காலுக்கு இரண்டு பாதை போடுங்கள்: கேபிள் முனையிலிருந்து 10 கிலோ ஓம், ஐசி காலிலிருந்து 100 பிகோ ஃபாரடு. மெதுவான சிக்னலைக் கேபிள் முனையிலும் வேகமானதைக் காலிலும் அது பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, சப்ளை காலை ஒட்டி 0.1 மைக்ரோ ஃபாரடு செராமிக் இல்லாதது. ஒட்டி என்றால் ஒட்டி. ப்ரெட்போர்டின் அந்த மூலையில் இருப்பது கணக்கில் வராது.

மூன்றாவது, ஐசியே யூனிட்டி கெயினுக்குப் பிறந்ததல்ல. ஓபி27 கிடைக்கவில்லை என்று கடைக்காரர் ஓபி37 கொடுத்திருப்பார், "அதைவிட வேகம் சார்" என்று சொல்லி. வேகம்தான், ஆனால் கெயின் 5-க்குக் கீழே நிற்காது. எல்எஃப்357-உம் அப்படியே. என்இ5534-க்குக் குறைந்தது 3 வேண்டும். அதன் 5-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே 22 பிகோ ஃபாரடு வைத்தால் பஃபராக இருக்க ஒப்புக்கொள்ளும். அதன் இரட்டையான 5532-க்கு அது தேவையில்லை.

பின்னூட்ட ஒயருக்குப் பதில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்திருந்தாலும் மைனஸ் காலின் சில பிகோ ஃபாரடு அதோடு சேர்ந்து தாமதம் போடும். காரணமில்லாமல் வைத்திருந்தால் எடுத்துவிட்டு ஒயர் போடுங்கள்.

"சைன் வேவ் கொடுத்தா முக்கோணமா வருது"

ஸ்லூ ரேட், அதாவது அவுட்புட் ஏறி இறங்கக்கூடிய உச்ச வேகம். 741 மைக்ரோ செகண்டுக்கு 0.5 வோல்ட்தான் ஓடும். 10 வோல்ட் உச்ச அலைக்கு 8 கிலோ ஹெர்ட்ஸ் வரை தாங்கும், 1 வோல்ட்டுக்கு 80. அதற்கு மேல் டிஎல்072 போடுங்கள், 13 வோல்ட் ஓடும். அலையின் உயரத்தைக் குறைத்தால் மறுபடி சைன் ஆனால் ஊர்ஜிதம்.

"இறங்கிட்டே வந்துச்சு, திடீர்னு மேலே குதிச்சிடுச்சு"

இன்புட் நெகட்டிவ் சப்ளைக்கு மூன்று, நாலு வோல்ட் நெருக்கத்தில் வரும்போது பழைய டிஎல்072 தலைகீழாகும். கீழே போக வேண்டிய அவுட்புட் மேலே போய் முட்டும். 9 வோல்ட் பேட்டரி ஒன்றில் டிஎல்072-ஐ ஓட்டிப் பூஜ்யத்துக்கு அருகே சிக்னல் கொடுக்கும் பசங்களிடம் அடிக்கடி பார்ப்பேன். கால்களை அளந்தால் பிளஸ் கால் தாழ்ந்தும் அவுட்புட் உயர்ந்தும் இருக்கும், ஐசி செத்துவிட்டது போலவே. இன்புட்டை 5 வோல்ட்டுக்கு ஏற்றிப் பாருங்கள், உயிர் வந்துவிடும்.

"லோடு மாட்டினா விழுந்துடுது"

பஃபர் என்றால் எவ்வளவு கரண்டும் தரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 741 ஷார்ட் ஆனாலும் 25 மில்லி ஆம்பியர்தான் தரும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 0.2 வோல்ட். வேண்டுமானால் அவுட்புட்டில் கரண்டைக் கூட்டித் தர பிடி139 டிரான்சிஸ்டரை எமிட்டர் ஃபாலோயராகப் போடுங்கள், ஆனால் பின்னூட்டத்தை எமிட்டரிலிருந்து எடுங்கள். டிரான்சிஸ்டருக்கு முன்னால் எடுத்தால் 0.7 வோல்ட் குறைந்தே வரும்; பின்னால் எடுத்தால் ஓப்-ஆம்ப் அந்த 0.7-ஐத் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

"ரெண்டு ஒயருக்கும் வித்தியாசம் எடுக்கற சர்க்யூட்ல 50 ஹெர்ட்ஸ் போக மாட்டேங்குது"

இது பஃபர் அல்ல, நாலு சம ரெசிஸ்டர் வைத்த யூனிட்டி கெயின் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபையர். புகார் ஒரே மேஜைக்கு வருவதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஒயரிலும் பொதுவாக வரும் இரைச்சலை அது அடிக்க வேண்டும். நாலு ரெசிஸ்டரும் எவ்வளவு சமமோ அவ்வளவுதான் அடிக்கும். ஐசி எவ்வளவு உசத்தி என்பது அப்புறம். 1 சதவீத ரெசிஸ்டரில் மோசமான சேர்க்கை விழுந்தால் 34 டெசிபல். 1 வோல்ட் இரைச்சலில் 20 மில்லிவோல்ட் உள்ளே வரும். 0.1 சதவீதமானால் 2 மில்லிவோல்ட்.

அதைவிடப் பெரிய திருடன் சோர்ஸ். நாலும் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் பக்கச் சென்சாரில் மட்டும் 1 கிலோ ஓம் கூடுதலாக இருந்தால் 1 வோல்ட்டுக்கு 45 மில்லிவோல்ட் தப்பிவிடும். சோதனை எளிது: இரண்டு இன்புட்டையும் ஒன்றாக முறுக்கி, கிரவுண்டுக்கும் அதற்கும் நடுவே சிக்னல் கொடுங்கள். அவுட்புட் அசையக் கூடாது. ஐசி பக்கத்தில் முறுக்கினால் அசையவில்லை, சென்சார் முனையில் முறுக்கினால் அசைகிறது என்றால் சோர்ஸ்தான். ஒவ்வொரு இன்புட்டுக்கும் முன்னால் ஒரு பஃபர் வைத்தால் முடிந்தது. அல்லது ரெசிஸ்டரை உள்ளேயே லேசரால் சீவி வைத்த ஐஎன்ஏ105 போடலாம். பொதுவான வோல்டேஜ் நூறு, இருநூறு என்று இருந்தால் ஏடி629, ±270 வோல்ட் வரை தாங்கும்.

இரைச்சல் 50 ஹெர்ட்ஸாக இல்லாமல் "டிட்-டிட்-டிட்" என்றால் பக்கத்தில் இருக்கும் 2ஜி செல்போன். இன்புட் டிரான்சிஸ்டர் ரேடியோ அலையை டயோடு மாதிரி உடைத்து 217 ஹெர்ட்ஸாக்கிக் கொடுக்கிறது. பிளஸ் காலுக்கு முன்னால் 1 கிலோ ஓம், காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 பிகோ ஃபாரடு. பிஎச் மீட்டரில் மட்டும் அந்தக் கபாசிட்டரின் கசிவையும் யோசியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஐசிதான் என்றால்

கழற்றுங்கள். ஆனால் கழற்றியதைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு ப்ரெட்போர்டில் ±9 வோல்ட், இரண்டு பேட்டரி போதும். அவுட்புட்டை மைனஸ் காலில் கட்டி, பிளஸ் காலில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். -4-இலிருந்து +4 வரை திருப்பி, கால்களுக்கு நடுவே சில மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏறுகிறதா பாருங்கள். ஏறவில்லை என்றால் ஐசி நல்லது. இரண்டு நிமிட வேலை.

என் மேஜையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருக்கிறது. "போயிடுச்சு" என்று கழற்றிக் கொடுக்கப்பட்டு இந்தச் சோதனையில் தேறிய ஐசிகள் அதில். 358 வேண்டுமென்று நான் புதுச்சேரிக்குப் பஸ் ஏறி வெகு நாளாகிறது.